மூன்று அண்ணன்மார் ஏறிய மலைகள்

சேலம் மாவட்டம் தம்மம்பட்டிக்குத் தென்மேற்கே கொல்லிமலை, தென்கிழக்கே பச்சைமலை, வடக்கே ஆத்தூரைத் தாண்டிக் கல்வராயன்மலை. ஊர் வழியாகப் போகும் சுவேத நதி கொல்லிமலையில் பிறந்து, கங்கவல்லி, வீரகனூர் பக்கமாக ஓடி, வசிஷ்ட நதியோடு கலந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. தண்ணீர் மட்டுமா? பலாப்பழமும் புளியும் நெல்லியும் மலையிலிருந்துதான் இறங்குகின்றன. கரும்பு வெட்டவும் கிழங்கு பிடுங்கவும் ஆட்கள் மலையிலிருந்துதான் வருகிறார்கள். ஆனாலும் அந்த மக்கள் யார், எப்போது அங்கே போனார்கள், என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று கேட்டால் கீழ்நாட்டில் இருக்கிற நமக்குச் சொல்லத் தெரிவதில்லை. 'மலைக்காரங்க' என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்கிறோம்.

அரசுப் பதிவேட்டில் அவர்கள் பெயர் மலையாளி. கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் கிட்டத்தட்ட 8 லட்சம் பேர். அவர்களில் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் மேல். நீலகிரியின் தோடர்களைப் பற்றி உலகம் முழுக்கப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவர்கள் சில ஆயிரம் பேர். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடியான மலையாளிகளைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அதற்கு ஒரு காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. அவர்கள் பேசுவது தமிழ். வேறு மொழி பேசினால் ஆராய்ச்சியாளர் தேடி வருவார். நம் மொழியையே பேசுகிறவரிடம் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று கடந்துபோய்விடுவார்.

ஓர் இனத்தை இனமாக்குவது எது? பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், வடமேற்குக் கடற்கரைக்கும் கோர்டில்லேரா மலைத்தொடருக்கும் நடுவே, இலோகானோ என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு விடை எளிது. இலோகானோ தனி மொழி. தகாலோக் தெரிந்த மணிலாக்காரருக்கு அது புரியாது. லாம்-ஆங் என்ற வீரனைப் பாடும் காப்பியம் அந்த மொழியில் உண்டு. மதத்தில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆனால் ரோமாபுரியை விட்டுப் பிரிந்து 1902-ல் எழுந்த பிலிப்பைன்ஸ் சுதந்திரத் திருச்சபையின் முதல் தலைவர் கிரெகோரியோ அக்லிபாய், பதாக் என்ற இலோகானோ ஊரில் பிறந்தவர்தான். 1906 முதல் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனபோதும் மொழியைக் கூடவே கொண்டுபோனார்கள். மண்ணை விட்டாலும் மொழி அவர்களைச் சேர்த்துக் கட்டியது. நம் மலையாளிகளுக்கு அப்படிப்பட்ட வேலி கிடையாது. மொழியும் பல தெய்வங்களும் கீழ்நாட்டோடு பொது. ஆண்கள் பெயருக்குப் பின்னால் வரும் 'கவுண்டன்' பட்டமும் பொது. பிறகு எதைக் கொண்டு அவர்கள் தனி மக்கள்?

அரசாங்கம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 1965-ல் லோகூர் குழு பழங்குடியை அடையாளம் காண ஐந்து அளவுகோல் சொன்னது: தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. மொழி அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாததால்தான் மலையாளிகளுக்கு இடம் கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் கூச்சத்தையும் பின்தங்கலையும் ஒரு மக்களின் முகவரியாக எழுதிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சோளக்காட்டுச் சந்தையில் பலாவுக்கும் வாழைத்தாருக்கும் விலை பேசும் கொல்லிமலைப் பெண்களைப் பார்த்தவர்கள் கூச்சம் என்ற சொல்லை எழுதமாட்டார்கள்.

அவர்களே சொல்லும் விடை ஒரு கதை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பினார்கள்: பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். கரிராமன் என்ற தெய்வம் காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் மலையைத் தேடி வந்ததாகவும், அவரைப் பின்தொடர்ந்து இவர்கள் வந்ததாகவும் ஒரு பாடம். துருக்கர் ஆட்சிக்கு அஞ்சி வந்தார்கள் என்று இன்னொரு பாடம். வேட்டைக்கு வந்தவர்கள் திரும்பவில்லை என்பாரும் உண்டு. சேலம் பக்கம் வந்ததும் வழி பிரிந்தது. ஒருவர் ஏற்காடு இருக்கும் சேர்வராயன்மலைக்கு, ஒருவர் பச்சைமலைக்கு, ஒருவர் கொல்லிமலைக்கு. யார் எங்கே போனார் என்பதில் மலைக்கு மலை கதை மாறுகிறது. பெரும்பாலும் சொல்கிறவரின் மலைக்கே மூத்தவர் வந்திருப்பார். சேலம் மாவட்டக் கையேட்டை 1883-ல் எழுதிய லெ ஃபானு, 1909-ல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் தொகுத்த தர்ஸ்டன், 1918-ல் சேலம் கெசட்டியரை எழுதிய ரிச்சர்ட்ஸ் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் இம்மக்களைப் பற்றி அடுத்தடுத்து எழுதினார்கள். வந்தவர்கள் காரைக்காட்டு வேளாளர் என்பதும் அந்தப் பதிவுகளில் இருக்கிறது.

அந்தக் கதையில் நம் கவனத்துக்கு அதிகம் வராத பகுதி ஒன்று உண்டு. அண்ணன்மார் மலையேறியபோது மனைவிமாரை அழைத்து வரவில்லை. இங்கே வந்துதான் பெண் கொண்டார்கள். வேடர், கைக்கோளர், பள்ளர் என்று வெவ்வேறு குலத்துப் பெண்கள் அந்த முதல் மனைவியர் என்கிறது ஒரு பாடம். அந்தப் பெண்களின் தாய்வீடு எது, அவர்கள் என்ன சாமி கும்பிட்டார்கள், எந்தச் சொல்லால் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்டு எழுதவில்லை. என் கருத்தில் மலையாளிகளின் வரலாற்றுக்குச் சாவி அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஆண்களும் மலையையும் காட்டையும் அறிந்த பெண்களும் சேர்ந்து உண்டாக்கிய மக்கள் இவர்கள் என்று அந்தக் கதையே வெளிப்படையாகச் சொல்கிறது. எந்தச் சாதியின் தோற்றக் கதை தன் கலப்பை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது?

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கதை அவர்களுக்குக் கௌரவம். 'நாங்கள் காஞ்சி வேளாளர்' என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது. சாதிச் சான்றிதழ் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இன்று அதே கதை அவர்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. 'கீழே இருந்து போனவர்கள்தானே, இவர்கள் எப்படிப் பழங்குடி?' என்று படித்தவர்களே வாதாடக் கேட்டிருக்கிறேன். பத்துப் பதினைந்து தலைமுறை மலையில் பிறந்து மலையில் புதைந்தவர்களிடம் இன்னும் பூர்வீகம் கேட்பது நியாயமா?

கொல்லிமலைக்கு இன்னொரு பழமை உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி சங்கப் பாட்டில் இருக்கிறது. காண்போரை மயக்கும் கொல்லிப் பாவையும் அங்கேதான். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18-ல் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. கலெக்டரும் அமைச்சரும் வருவார்கள், மலர்க் கண்காட்சி நடக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு ஓரி பெயர் தெரியும், சித்தர் குகைகள் தெரியும், 70 கொண்டை ஊசி வளைவு தெரியும். பெரியண்ணன், சின்னண்ணன் பெயர் தெரியாது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய மன்னனுக்குச் செய்யும் மரியாதையில் ஒரு பங்காவது இன்று அங்கே வாழ்கிறவர்களின் கதைக்கும் சேர வேண்டும்.

சாமி விஷயத்துக்கு வருவோம். வளப்பூர்நாட்டுப் பெரியகோவிலூரில் அறப்பளீஸ்வரர் கோயில். பக்கத்தில் ஐயாறு ஓடுகிறது. அதுவே கீழே ஆகாயகங்கை அருவியாக விழுந்து புளியஞ்சோலை வழியாகத் திருச்சிச் சீமைக்குப் போகிறது. ஆற்று மீனுக்குப் பொரி போட்டுவிட்டுத்தான் சாமியைப் பார்க்கப் போவார்கள். அறுத்துக் குழம்பில் போட்ட மீனை ஈசன் மறுபடி பொருத்தி ஆற்றில் விட்டார் என்பது தலக்கதை. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகத்தால் தமிழ் படித்தவர்களுக்கெல்லாம் அந்தச் சாமியின் பெயர் பழக்கம். ஆடிப்பெருக்கன்று கீழ்நாட்டிலிருந்தும் கூட்டம் ஏறும்.

ஆனால் மலையாளியின் வழிபாடு அந்தக் கோயிலோடு நிற்பதில்லை. கரிராமன் பெருமாள் வழி வந்தவர், ஈசனோ அறப்பளியில். ஒரே வீட்டில் இரண்டும் உண்டு. சைவமா வைணவமா என்ற பேச்சே எழுவதில்லை. மாரியம்மனும் காளியம்மனும் ஊர்தோறும். மலையுச்சியில் மாசி பெரியண்ணசாமி இருக்கிறார். அவரைக் குலதெய்வமாகக் கொண்டு கீழ்நாட்டிலிருந்து பல சாதிக்காரர்களும் ஏறி வந்து பொங்கல் வைக்கிறார்கள். ஏற்காட்டில் சேர்வராயன் குகைக்கோயில். மே மாதத் திருவிழாவில் சுற்று வட்டாரத்து மலையாளிகள் அத்தனை பேரும் கூடுவார்கள். குகைக்குள்ளே சேர்வராயனோடு காவேரியம்மனும் இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோயில்காடுகள். சின்னஞ்சிறு கல்லோ சூலமோ நட்டிருக்கும் சோலை. அங்கே மரம் வெட்டக் கூடாது, செருப்புப் போட்டு நுழையக் கூடாது. சுற்றிலும் காடு அழிந்து சில்வர் ஓக்கும் காப்பியும் வந்த பிறகும், பழைய மரங்கள் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்தச் சோலைகளில்தான். ஆகமக் கோயிலுக்கும் கோயில்காட்டுக்கும் ஒரே பயபக்தியோடு போகிற மதம் அவர்களுடையது. இந்து என்று கணக்கெடுப்பில் எழுதிவிடுகிறோம். அந்த எழுத்துக்குள் இந்தச் சோலை அடங்குவதில்லை.

அவர்களைத் தனி மக்களாக்குவது எது என்று என்னைக் கேட்டால், 'நாடு' என்பேன். கொல்லிமலை ஒன்றியத்தில் இன்றைக்கும் 14 ஊராட்சிகள்; அத்தனையின் பெயரும் நாட்டில் முடிகிறது: வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, சேலூர்நாடு, தேவனூர்நாடு, குண்டூர்நாடு, பைல்நாடு இப்படி. பச்சைமலையில் வண்ணாடு, தென்புறநாடு. சோழர் காலத்தில் தமிழகம் முழுக்க நாடு என்ற பிரிவு இருந்தது. சமவெளியில் அது கல்வெட்டோடு போய்விட்டது. மலையில் அது உயிரோடு இருக்கிறது. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்குப் பட்டக்காரர். சண்டை, பாகம், திருமண முறிவு, திருவிழாத் தேதி எல்லாம் அவர்கள் கூடிப் பேசி முடிப்பார்கள். பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. கணவனை விட்டு விலகுவதும் மறுமணம் செய்வதும் வழக்கத்தில் உண்டு. கைம்பெண் மறுமணத்தைச் சமவெளி சீர்திருத்தமாகப் பேசத் தொடங்கியதற்கு வெகுகாலம் முன்பே மலையில் அது சாதாரணம். பெண்கள் நாட்டுக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுத்தவர்கள் ஆண்களே. ஆயினும் வரதட்சணை மலைக்கு ஏறியது பின்னாளில், நம்மிடமிருந்து.

கல்வராயனில் நாட்டமைப்பு வேறு விதமாக முற்றியது. விஜயநகர வேந்தர் கொடுத்ததாகச் சொல்லப்படும் உரிமையோடு சடையகவுண்டன், குரும்பகவுண்டன், ஆரியகவுண்டன் என்ற ஜாகிர்தார் குடும்பங்கள் அங்கே வரி வாங்கி ஆண்டன. நாடு விடுதலை பெற்று கால் நூற்றாண்டு ஆன பிறகும் அந்த ஆட்சி நீடித்தது; 1976-ல்தான் அந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு முழுமையாக வந்தது. நம் கண்ணெதிரே இருந்த மலையில் சுதந்திரம் அவ்வளவு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இனி மண். கொல்லிமலை சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். மேட்டில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு, பள்ளத்தில் நெல். ஒரே சாமையில் எத்தனை ரகம் வைத்திருந்தார்கள் பாருங்கள்: கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, பெருஞ்சாமை. சீக்கிரம் விளைவது ஒன்று, காற்றில் சாயாதது ஒன்று, மழை தாமதித்தாலும் தாங்குவது ஒன்று. இது எழுதாத வேளாண் நூல். விதையைத் தேர்ந்தெடுத்து, சாம்பல் கலந்து, மூங்கில் கூடையில் சாணம் மெழுகிக் காப்பாற்றியவர்கள் பெண்கள்.

அந்த நூலைக் கிழித்தது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். லாரி மலையேறியது. கரணையை நட்டுவிட்டால் பத்து மாதத்தில் கிழங்கு, கையில் மொத்தப் பணம். விலை 'பாயிண்ட்' கணக்கு: கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவோ அவ்வளவு விலை, அளப்பது ஆலைக்காரர். சாமை விளைந்த மேட்டாங்காடு கிழங்குக் காடானது.

இதற்காக மலையாளியைக் குறைசொல்கிறவர்கள் ஒரு குந்தாணி முன்னால் நின்று பார்க்க வேண்டும். சாமையின் உமி கெட்டி. வறுக்காமல் அப்படியே போட்டு, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டு, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேறும். காட்டு வேலை முடித்து வந்த உடம்போடு தினமும் இதைச் செய்தார்கள். ரேஷன் அரிசி வந்ததும் உலக்கை சாய்ந்ததில் ஆச்சரியம் என்ன? 1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலைசெய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. விதை வங்கியோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊருக்குக் கொண்டுபோனது. மகளிர் குழுக்கள் சாமை அரிசியும் தினை மாவும் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கின. பெண்ணின் முதுகுவலியைக் கணக்கில் எடுக்காமல் பாரம்பரிய உணவு என்று நகரத்தில் பேசுவது வீண்.

நிலம் கையில் நிற்குமா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. ஏற்காட்டில் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் விரிய விரிய மலையாளி தன் மலையிலேயே கூலியானார். சேர்வராயனிலும் கொல்லியிலும் உச்சியைச் சுரண்டி பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. இன்று ரிசார்ட்டுகள். பழங்குடிப் பகுதிகளுக்குக் காப்புத் தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஓர் அங்குலமும் இல்லை. பழங்குடி நிலத்தை வெளியார் வாங்குவதை முழுமையாகத் தடுக்கும் தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. மற்ற மாநிலங்கள் பட்டா கொடுத்துக்கொண்டிருந்தபோது இங்கே உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் 2008 முதல் வேலை தேங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது.

நிலம் போனவன் எங்கே போவான்? காட்டை நம்பினால் அங்கேயும் பாதுகாப்பில்லை. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற மலையாளிகளின் ஊருக்குள் சந்தனக்கட்டை தேடி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29-ல் தண்டனை விதிக்கப்பட்டது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு ஆண்டு அந்தப் பெண்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொலைக்காட்சியில் 'தமிழகத் தொழிலாளர்கள்' என்றார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையின் மலையாளிகள். அவர்களைக் கூலிக்கு அழைத்துப்போனவர்கள் தரகர்கள்.

மொழியை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்தான் பேசுகிறார்கள் என்பதால் பதிவு செய்ய ஒன்றுமில்லை என்ற எண்ணம் தவறு. மேல்வளவு, கீழ்வளவு என்று ஊரைப் பகுக்கும் முறை, உழவுக்காடு, கொத்துக்காடு, புனக்காடு என்று ஏரா கொத்தா தீயா என்பதை வைத்து நிலத்தைப் பிரிக்கும் முறை, தினையின் ஒவ்வொரு ரகத்துக்கும் உள்ள பெயர், கோயில்காட்டில் சாமியாடி வரும்போது பேசும் பேச்சு, கல்யாணத்தில் அண்ணன்மார் கதையைச் சொல்லும் நடை இவையெல்லாம் நம் அகராதிகளில் அரைகுறையாகக்கூட ஏறவில்லை. மலைப் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கிறார்கள். பேசும்போது மலைச்சொல் வந்தால் சக பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அடக்கிக்கொள்கிறார்கள். வேற்று மொழியாக இருந்தால் அதற்கு ஒரு துறையும் ஒரு நிதியும் கிடைக்கும். வட்டாரத் தமிழாக இருப்பதால் அது திருத்தப்பட வேண்டிய பிழையாகிவிடுகிறது.

பட்டியல் விஷயம் ஒன்று பாக்கி. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரும் சேர்த்தே எழுதியிருக்கிறது: பழைய தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டையும் அவற்றிலிருந்து பிரிந்த மாவட்டங்களும். பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதனால் ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் அதே பேச்சும் அதே வழிபாடும் அதே உறவுமுறையும் கொண்ட மலையாளிகளுக்குச் சான்றிதழ் கிடையாது. சேலம் மாவட்டத்திலிருந்து பெண் எடுத்தால் மனைவி பழங்குடி, கணவன் இல்லை. பல பத்தாண்டுகளாக மனுக் கொடுக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் போராடுகிறார்கள். சட்டத்தில் ஒரு மாவட்டத்தின் பெயரைச் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு ஒரு பிற்பகல் போதும்.